பருத்தித்துறை போய்த் திரும்புகிற தூரம்

என் அன்பான என்னப்பா,

இத்தனை வருடக் குடித்தனத்தில் உங்களை நான் வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. நீங்களும் என்னை அப்படித்தான் கூப்பிட்டீர்கள். ஒரே வீட்டில் இரண்டு ‘என்னப்பா’. யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று வாணி சின்ன வயதில் குழம்பிப்போவாள். இப்போது அந்தச் சொல் வீட்டில் கேட்பதில்லை. கடிதத்திலாவது ஒரு தரம் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று ஆசை வந்தது.

உங்கள் ஆண்டுத் திவசம் போன கிழமை முடிந்தது. ஐயர் வழக்கம்போலப் பிந்தி வந்தார். கத்தரிக்காய்க் குழம்பில் உப்புக் குறைவு. நீங்கள் இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்கள், வந்தவர்கள் மரியாதைக்குச் சாப்பிட்டார்கள். தமிழ்ச் சங்கத்து மலரில் போட ஒரு பக்கம் எழுதித் தரும்படி சிவம் அண்ணை கேட்டார். “அவரைப் பற்றி நல்லதா நாலு வரி போதும், தங்கச்சி” என்றார். உங்களைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்வதைவிட உங்களுக்கே சொல்ல வேண்டியதுதான் நிறைய இருக்கிறது. வாசிக்கிறவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் வீட்டுப் புதினம். வாணி கார் ஓடப் பழகிவிட்டாள். ரிவேர்ஸ் எடுக்கும்போது உங்களைப் போலவே நாக்கைக் கடிக்கிறாள். பின்வளவு எலுமிச்சை இந்த வருடம் காய்த்துக் கொட்டுகிறது. வேலைத்தலத்துக்குப் பை பையாகக் கொண்டுபோய்க் கொடுத்தும் முடியவில்லை. எதிர்வீட்டுக் கிழவர் இன்னமும் உங்கள் பெயரைப் பிழையாகத்தான் சொல்கிறார். ஆனால் என்னைக் காணும்போதெல்லாம் சொல்கிறார்.

உங்கள் சைக்கிள் கராஜில் அப்படியே நிற்கிறது. அன்று காலை முன்சில்லுக்குக் காற்று அடித்து முடித்துவிட்டுப் பின்சில்லுக்கு முன்னால் குந்தியிருந்தீர்கள். “என்னப்பா, கோப்பி ஆறுது” என்று குசினி வாசலில் நின்று கூப்பிட்டேன். பதில் இல்லை. காற்று அடிக்கிற கவனமாக்கும் என்று இன்னொரு தரம் கூப்பிட்டேன். நீங்கள் சில்லில் நெற்றியைச் சாய்த்தபடி இருந்தீர்கள். நெஞ்சு நின்றுவிட்டதாம். உங்களுக்கே தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். அப்படியா? தெரியாமலா போனீர்கள்?

முன்சில்லில் இருந்தது உங்கள் கை அடித்த காற்று. அதை நான் ஒருவரையும் தொடவிடவில்லை. வேலையால் வந்ததும் கராஜுக்குப் போய்ப் பெருவிரலால் அமத்திப் பார்ப்பேன். காற்றை எவ்வளவு காலம் பொத்தி வைக்கலாம்? குளிர்காலம் முடிவதற்குள் அதுவும் மெல்ல மெல்ல இறங்கிவிட்டது. அன்றைக்கு அழுத மாதிரி நான் செத்தவீட்டில்கூட அழவில்லை.

சரி, உங்கள் பெரிய திட்டத்துக்கு வருகிறேன். லெசோத்தோவைச் சைக்கிளில் சுற்றி வருகிற திட்டம். வாசிக்கிற சிலருக்கு விளங்காது, அதனால் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் எங்கள் ஊர் வாத்திமார் பலர் ஒப்பந்தத்தில் ஆபிரிக்காவுக்குப் படிப்பிக்கப் போனார்கள். நீங்கள் கணக்கு வாத்தியாராகப் போன இடம் லெசோத்தோ. நாலு பக்கமும் தென்னாபிரிக்கா, நடுவில் மலையும் மலையுமாக ஒரு குட்டி நாடு. கலியாணம் முடிந்த கையோடு நானும் வந்தேன். ஒப்பந்தம் முடிய ஊருக்குத் திரும்பினோம், வாணி அங்கே பிறந்தாள், பிறகு ஊரில் இருக்க முடியாமல் ஒக்லண்டுக்கு வந்தோம்.

இங்கே வந்து பெயிண்ட் தொழிற்சாலையில் வேலை செய்தாலும் உங்களுக்குள் இருந்த வாத்தியார் சும்மா இருக்கவில்லை. மூன்று பேரைப் பிடித்துச் சைக்கிள் வகுப்பு எடுத்தீர்கள். எங்கள் ஊர்ச் சிவம் அண்ணை, மதுரைக் கண்ணன், மலேசியாவிலிருந்து வந்த ஸ்டீபன். ஞாயிறு காலையில் பக்குரங்கா பிளாசா கார் நிறுத்துகிற இடத்தில், நாலு தமிழர் அரைக் கால்சட்டையோடு நின்று ஆபிரிக்கா கதைத்த காட்சியைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

பிறகு எங்கள் வீட்டு லவுஞ்ச். கம்பளத்தில் வரைபடத்தை விரித்து, நாலு மூலைக்கும் என் நாலு சீனிப் போத்தலைப் பாரம் வைத்து, முழந்தாளில் நின்று பென்சிலால் கோடு இழுப்பீர்கள். மசேரு என்கிற தலைநகரில் தொடங்கி முழு நாட்டையும் சுற்றி மறுபடி மசேரு. ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் என்று கண்ணன் கேட்டார்.

“பருத்தித்துறை போய் வாற தூரம். அவ்வளவுதான்.”

“பருத்தித்துறைன்னா எவ்ளோ சார்?”

“நான் பொம்பிளையைப் பார்க்கப் போன தூரம்.”

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் வடைத் தட்டை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். ஆனால் அது பகிடி இல்லையே. எங்களுக்குப் பதிவு எழுத்து முடிந்து கலியாண நாள் வரும்வரை, சனிக்கிழமை தவறாமல் நல்லூரிலிருந்து பருத்தித்துறைக்கு மிதித்து வருவீர்கள். ஒரு தேத்தண்ணீர், அம்மா பக்கத்தில் இருக்க எங்கள் இரண்டு கதை, அன்றைக்கே திரும்பி மிதிப்பு. தாலி ஏறாமல் பெண் வீட்டில் தங்கக்கூடாது என்று மாமி சொல்லியிருந்தா. உங்கள் கால்களுக்குத் தெரிந்த கணக்கு அதுதான். அதைக் கொண்டுபோய் ஆபிரிக்க மலைகளில் வைத்து அளந்தீர்கள்.

கெட்டிக்காரக் கணக்கு வாத்தியார் விட்ட பிழையைப் பாருங்கள். எங்கள் ஊரில் மலை ஏது? மேடு ஏது? எங்களுக்குத் தெரிந்த ஒரே ஏற்றம் வல்லை வெளியில் எதிர்த்து அடிக்கிற காற்று. லெசோத்தோவில் ஒரு கணவாய்க்கு ‘கடவுளே காப்பாற்று’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் பஸ் ஏறும்போது நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் முணுமுணுத்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்த மலை எப்படி மறந்தது? சைக்கிளை நினைத்தவுடன் உங்கள் மனம் சமதரைக்கு வந்துவிட்டது போலும்.

இன்னொன்றும் அன்றைக்கு நடந்தது. கோடு மொஹாலேஸ் ஹூக் என்ற ஊருக்கு வந்தபோது பென்சிலை நிறுத்தினீர்கள். “இதிலை ஒரு நாள் நிண்டு போவம்” என்றீர்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்களும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு விளங்கியது. எனக்கு விளங்கும் என்று உங்களுக்கும் தெரியும். முழு நாட்டையும் சுற்றுகிற திட்டம் எல்லாம், என்னை அந்த ஓர் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகத்தானே?

அந்த ஊரில்தான் எங்கள் மூத்தவன் குகன் பிறந்தான். அந்த ஊரில்தான் கிடக்கிறான்.

பள்ளிக்கூடத்தால் வந்ததும் கையைக் கழுவி, சின்னவிரலால் அவன் பல் முரசைத் தடவிப் பார்ப்பீர்கள். “என்னப்பா, பல்லு வந்திட்டுது!” என்று பொய் சொல்வீர்கள். நான் ஓடி வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. பிள்ளை உங்கள் விரலைச் சப்பிக்கொண்டு கிடப்பான். அந்தப் பல்லு வரவேயில்லை. குளிர் இறங்கிய நாட்களில் சளி நெஞ்சுக்கு இறங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம், அவர்களும் தங்களால் ஆனதைச் செய்தார்கள்.

எங்கள் வழக்கம் தெரிந்ததுதான். பல்லு முளைக்காத பிள்ளையை எரிப்பதில்லை, மண்ணில் தாழ்ப்பதுதான். எட்டுச்செலவு இல்லை, அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை. இருந்து அழுவதற்கு ஒரு நாளைக்கூட ஒதுக்கித் தராத வழக்கம். பக்கத்து வீட்டு மாதெபோகோ தன் பிள்ளையின் கம்பளியைக் கொண்டுவந்து அவனைச் சுற்றித் தந்தாள். அவர்களுடைய இடுகாட்டு ஓரத்தில், ஒரு பீச் பழ மரத்துக்குக் கீழே அவனைத் தாழ்த்து, அந்த ஊர் முறைப்படி மேலே கல் அடுக்கினோம். நீங்கள் ஒருவரையும் தூக்க விடாமல் கல்லைத் தனியே சுமந்தீர்கள்.

ஞாபகம் இருக்கிறதா, அந்த ஊரில் பெண்களைத் தலைப்பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தெபோகோவின் தாய் என்பதால்தான் அவள் மாதெபோகோ. நான், அம்மா என்கிற அவர்கள் மரியாதைச் சொல்லோடு, ‘மே மாகுகன்’. குகனின் அம்மா. அவன் போன பிறகும் சந்தையிலும் கிணற்றடியிலும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். முதலில் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பிறகு அதைக் கேட்பதற்காகவே சந்தைக்குப் போனேன். ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட ஒருவரும் இல்லை.

இந்த நாட்டுக்கு வந்தபோது எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, “எத்தினை பிள்ளையள்?” நீங்கள் சப்பாத்தைக் கழற்றுகிற மாதிரிக் குனிந்துகொள்வீர்கள். பதிலை நான்தான் சொல்வேன். “ஒரு மகள்.” ஒவ்வொரு தரமும் அவனை இன்னொரு தரம் தாழ்த்த மாதிரி இருக்கும். உங்களுக்கும் அப்படித்தான் இருந்ததா? நாங்கள் ஒரு நாளும் கதைக்கவில்லை. கதைத்தால் இரண்டு பேரும் உடைந்துபோவோம் என்று பயந்தோம் போல.

நீங்கள் போன பிறகு உங்கள் வகுப்பு கலைந்துவிடும் என்று நினைத்தேன். கலையவில்லை. “சார் போட்ட பிளானை விட்றக் கூடாதுக்கா” என்று கண்ணன் வந்து நின்றார். நானும் கூட வருவதாகச் சொன்னேன். வாடகை வான் வண்டியில் சாமான்களோடு இருந்து சமைத்துப் போடுகிறேன் என்றேன். உடனே அவருக்கே ஒரு சந்தேகம். “எங்க ஊர்ல, சாவு விழுந்த வீட்டுக்காரங்க ஒரு வருஷத்துக்கு மலை ஏறக் கூடாதும்பாங்க.” சிவம் அண்ணை விடுவாரா? “எங்கட ஊரிலை மலையே இல்லை, ஐசே. பிறகு ஆர் எங்களுக்கு உந்தச் சட்டம் போட்டது?” கடைசியில் ஏன் வம்பு என்று, ஆண்டு முடியட்டும் என்று தள்ளி வைத்தோம். நீங்கள் இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து நல்லாக மூட்டி விட்டிருப்பீர்கள்.

திவசத்துக்குச் சில கிழமைக்கு முதல் மூவரும் ஒத்திகைக்கு வெளிக்கிட்டார்கள். பக்குரங்காவிலிருந்து மராயிடாய்க் கடற்கரைக்குப் போய்த் திரும்பி வருவது. பருத்தித்துறை தூரம்கூட இல்லை. ஆனால் அந்த வழி முழுக்க ஏற்றமும் இறக்கமும். மத்தியானம் ஒரு டெய்ரிக் கடை வாசல் டெலிபோனிலிருந்து சிவம் அண்ணை எடுத்துக் கதைத்தார். “தங்கச்சி, காரைக் கொண்டு வாரும். மூண்டு பேரும் ரோட்டோரத்திலை கிடக்கிறம்.” வாணிதான் காரை ஓட்டினாள். கண்ணன் புல்லில் மல்லாந்து கிடந்தார். “ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க” என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நீங்கள் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வினை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுபடி லவுஞ்ச், வரைபடம், சீனிப் போத்தல்கள். ஒரு பருத்தித்துறைத் தூரத்தை அந்த மலைகளில் ஓட இரண்டு நாள் வேண்டும் என்று சிவம் அண்ணை கணக்குப் போட்டுச் சொன்னார். அவ்வளவு லீவு ஒருவருக்கும் இல்லை. நாட்டில் பாதியை வெட்ட வேண்டும். வடக்கில் பெரிய அணை கட்டுகிறார்கள், பார்க்க இடம் இருக்கிறது. தெற்கில் என்ன இருக்கிறது?

ஸ்டீபன் அழிறப்பரைக் கையில் எடுத்தார். “இந்த மொஹாலேஸ் ஹூக்ல சார் எதுக்கு ஒரு நாள் போட்டாருன்னு தெரியல. பார்க்க ஒன்னும் இல்ல லா. கீழ்ப்பக்கம் மொத்தமா கட் பண்ணிடலாம்.”

நான் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றேன். தட்டை வைத்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். இத்தனை வருடமும் அப்படித்தானே செய்தேன். ஆனால் இந்தத் தரம் பென்சிலை நிறுத்தி, “இதிலை நிண்டு போவம்” என்று சொல்ல நீங்கள் இல்லை. ஸ்டீபனின் கை கோட்டின் மேல் போனது. அதை அழித்துவிட்டால் பிறகு அவனிடம் போக இந்த உலகத்தில் வேறு வழி எனக்கு இல்லை.

“அதை அழிக்காதேங்கோ. அங்கை எங்கட மகன் இருக்கிறார்” என்றேன்.

சிவம் அண்ணைக்கு முதலில் விளங்கவில்லை. “ஆருடைய மகன்?” என்றார். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கம்பளத்தில் அவர்களோடு இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பல்லு, சளி, கம்பளி, கல்லு. ஆனால் உடைந்துபோகவில்லை, என்னப்பா. நாங்கள் சும்மா பயந்திருக்கிறோம்.

ஸ்டீபன் அழிறப்பரைச் சட்டைப்பைக்குள் வைத்தார். “பேரு என்ன வச்சீங்கக்கா?” என்று கேட்டார். இத்தனை வருடத்தில் என் பிள்ளையின் பெயரைக் கேட்ட முதல் ஆள் அவர். குகன் என்றேன். கண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் வாணியைக் கண்டேன். குசினி வாசலில், எத்தனை நேரமாக நின்றாளோ தெரியாது. “எனக்கு ஒரு அண்ணன் இருந்தவரா?” என்று இங்கிலிஷில் கேட்டாள். ஓம் என்றேன். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கோபப்படட்டும் என்று விட்டேன். அவளிடமிருந்து ஒரு அண்ணனை அல்லவா ஒளித்து வைத்திருந்தோம்.

பிறகு தானாக வந்தாள். நான் துவைத்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்து ஒரு துவாயை எடுத்து மடித்தாள். அவளுடைய தமிழ் உங்களுக்குத் தெரியும், தட்டித் தடவித்தான் வரும். ஆனால் அன்றைக்குத் தமிழில் சொன்னாள்.

“அப்பா எனக்குச் சைக்கிள் பழக்கேக்கை, நான் விழப் போனா குகன் எண்டு கத்துவார். நான் அது சாமி பேர் எண்டு நினைச்சன்.”

எனக்குத் தெரியாது. நீங்கள் எனக்கு ஒரு நாளும் சொல்லவில்லை. நான் உள்ளே அடக்கி வைத்திருந்தேன், உங்களுக்கோ பதறுகிற நேரமெல்லாம் அவன் பெயர்தான் வாயில் வந்திருக்கிறது. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மடித்த உடுப்பெல்லாம் சரிய அழுதேன்.

இப்போது திட்டம் மாறிவிட்டது. உங்கள் வட்டம் இனி வட்டமில்லை, மன்னியுங்கள். “நாட்டைச் சுத்தாட்டி நாடு கோவிக்குமே?” என்று சிவம் அண்ணை வடக்கைத்தான் வெட்டினார். அணையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று மூன்று பேரும் ஒரே பிடி. மசேருவிலிருந்து தெற்கே இறங்கி, மஃபெட்டெங், பிறகு மொஹாலேஸ் ஹூக். அங்கே உங்கள் ஓய்வு நாள் அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு மலைப்பக்கம் முடிந்த மட்டும் ஏறிவிட்டு, வான் வண்டியில் திரும்புவது. வானை வாடகைக்குக் கேட்டுத் தென்னாபிரிக்காவுக்கு ஃபாக்ஸ் போய்விட்டது. வாணியும் வருகிறாள். செப்டெம்பரில் பயணம், பீச் மரங்கள் பூக்கிற காலம்.

அந்த மரம் இருக்குமா? கல் அடுக்கு இருக்குமா, அல்லது பாதை போட்டு எல்லாவற்றையும் வாரி எடுத்திருப்பார்களா? மாதெபோகோ உயிரோடு இருப்பாளா? ஒன்றும் தெரியாது. இதையெல்லாம் உங்களோடு சேர்ந்து பயப்பட வேண்டிய நேரத்தில் நீங்கள் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது. அவன் பிறந்தபோதும் இருந்தீர்கள், போனபோதும் இருந்தீர்கள். திரும்பிப் போகிறபோது மட்டும் ஏன் என்னைத் தனியே விட்டீர்கள்?

உங்களைக் கடலில் கரைத்துவிட்டோம். அவனுக்குக் காட்ட உங்களில் ஒரு பிடிகூட என்னிடம் இல்லை. அதனால் உங்கள் சைக்கிளைக் கொண்டு போகிறேன். விமானத்தில் ஏற்றுவதற்கு முதல் சில்லுகளின் காற்றை இறக்க வேண்டும் என்றார்கள். அது தானாகவே இறங்கிவிட்டது, அந்த வேலை மிச்சம் என்று சொன்னேன்.

இன்னொரு புதினம், சிரிக்கக் கூடாது. நான் மறுபடி சைக்கிள் ஓடுகிறேன். வாணியின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, அவளுடைய சைக்கிளில், தாமாக்கி ஆற்றோரப் பாதையில். முழங்கால் நோகிறது. இருக்கையைப் பதித்துவிட்டால் உங்கள் சைக்கிளும் எனக்கு எட்டுகிறது. கண்ணன் பார்த்துச் சரிசெய்து தந்தார். மலைக்கெல்லாம் நான் வானில்தான். ஆனால் மஃபெட்டெங்கிலிருந்து மொஹாலேஸ் ஹூக் வரை நான் உங்கள் சைக்கிளில் போவேன். சிவம் அண்ணை வரைபடத்தில் நூல் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: அந்தப் பக்கம் மலை விலகி நிற்கிறது, பெரிய ஏற்றம் இல்லை. தூரமும் பருத்தித்துறைக்குப் போய், திரும்பி வரும்போது பாதிவழி ஆவரங்காலில் நின்று தேத்தண்ணீர் குடிக்கிற தூரம்தானாம்.

அந்த ஓர் இடத்தில் உங்கள் கணக்குப் பிழையாகவில்லை, என்னப்பா. என்னைப் பார்க்க எத்தனை சனிக்கிழமை அவ்வளவு தூரம் மிதித்து வந்தீர்கள். இந்த ஒரு தரம் நான் மிதிக்கிறேன். முன்சில்லுக்கு என் கையால் காற்று அடித்துக்கொண்டு போய், அந்த மரத்தில் உங்கள் சைக்கிளைச் சாத்திவிட்டு, அப்பா வந்திருக்கிறார் என்று அவனுக்குச் சொல்வேன். அதற்குப் பிறகு எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும், இரண்டு என்றுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
மூத்தவன் குகனுக்கும் இளையவள் வாணிக்கும் அம்மா,
உங்கள் என்னப்பா